கல்லாப்பெட்டி காலியான கம்ப்யூட்டர்

பி.காம் படிக்கிறவனுக்கு பயாஸ் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கட்டுரையில் வரும் சிக்கலைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது கம்ப்யூட்டர் அறிவு பாதி, காஸ்ட் அக்கவுண்ட்ஸ் பாதி. அதனால் தைரியமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் ஆரம்பித்தது. பெரிய கம்பெனிகளின் பெயர்ப் பலகைகளைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி உள்ளே நடந்தால், ஆறு பேர், எட்டு பேர் வேலை செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகள்தான் கண்ணில் படும். அப்படி ஒரு பட்டறை என் மாமாவுடையது. பிளாஸ்டிக் மோல்டு செய்கிறார்கள். இரண்டு லேத், ஒரு கிரைண்டர், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு சிஎன்சி மில்லிங் மெஷின். சனி ஞாயிறுகளில் நான் திருமுல்லைவாயலில் இருந்து போய் அவருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பேன். ஜிஎஸ்டி பில், சம்பளப் பட்டியல், கரண்ட் பில் எல்லாம் என் தலையில்.

அந்த மில்லிங் மெஷினுக்கு நினைவகம் மிகக் குறைவு. ஒரு மோல்டுக்கான புரோகிராம் பெரிய கோப்பு, மெஷினுக்குள் அடங்காது. அதனால் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, சீரியல் கேபிள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவார்கள், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. அந்த வேலையைச் செய்வது ஒரு பென்டியம் 3. 600 மெகாஹெர்ட்ஸ், 128 எம்பி ராம், விண்டோஸ் 98. சிரிக்காதீர்கள், தொழிற்பேட்டையில் இதைவிடப் பழசெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. அனுப்பும் சாப்ட்வேருக்கு ஒரு பூட்டு உண்டு. அது பிரிண்டர் போர்ட்டில் செருகப்பட்டிருக்கிறது. இப்போது கடையில் கிடைக்கும் கம்ப்யூட்டரில் அந்த போர்ட்டே கிடையாது. சாப்ட்வேர் விற்றவரும் கடையை மூடிவிட்டார். ஆக, அந்த டப்பா செத்தால் மெஷினும் செத்தது.

2025 செப்டம்பரில் மாமா சொன்னார்: "கம்ப்யூட்டர் திறக்கவே கால் மணி நேரம் ஆகுதாம். சர்வீஸ்காரன் பார்த்துட்டு ஹார்டு டிஸ்க் போச்சு, புது கம்ப்யூட்டர் வாங்குங்கன்னுட்டான். ஆனா எனக்கு என்னவோ ஆபரேட்டர் லேட்டா வந்துட்டு கம்ப்யூட்டர் மேல பழி போடறான்னு தோணுது."

பட்டறையில் ஒரு விதி உண்டு. வேலை எட்டரை மணிக்கு. 8.45-க்குள் மெஷின் ஓட ஆரம்பிக்கவில்லை என்றால் அரை மணி நேரச் சம்பளம் கட். ஆகஸ்ட் சம்பளத்தில் பிடித்தாயிற்று, செப்டம்பருக்கும் குறித்து வைத்திருந்தார். எனக்குச் சங்கடம் என்னவென்றால், அந்தப் பிடித்தத்தைப் பட்டியலில் எழுதப்போவது என் கை. ஆபரேட்டர் அண்ணன் ஆவடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைக்கிளும் ரயிலுமாக வருகிறவர். நான் பள்ளிக்கூடம் படிக்கும் காலத்திலிருந்தே தெரியும். அவரிடம் கேட்டேன். "தம்பி, நான் வந்து சுவிட்ச் போட்டுட்டு டீ குடிச்சுட்டு வந்தாலும் அது இன்னும் எண்ணிக்கிட்டுதான் இருக்கு" என்றார்.

*எண்ணிக்கிட்டு.* அந்த ஒரு வார்த்தையில்தான் விடை இருந்தது. அது எனக்குப் புரிய ஒரு நாள் ஆனது.

முதலில் கணக்குப் புத்தகம். மெஷின் ஆரம்பித்த நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் எழுதுவார்கள். ஆகஸ்ட் 14 வரை 8.40, 8.41, 8.39 என்று இருந்தது. ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை சுதந்திர தினம், சனியும் லீவு, ஞாயிறு எப்படியும் லீவு. 18-ம் தேதி திங்கட்கிழமையிலிருந்து 8.53, 8.54, 8.53, 8.52. இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. மனுஷன் லேட்டாக வந்தால் ஒரு நாள் ஐந்து நிமிடம், ஒரு நாள் இருபது நிமிடம், ரயில் நின்றால் ஒரு மணி நேரம். தினமும் அதே பதிமூன்று நிமிடம் லேட்டாக வர மனுஷனால் முடியாது. கடிகாரம் மாதிரி லேட்டாவது மெஷினின் குணம்.

இரண்டாவது, அந்த சாப்ட்வேர் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜாப் ஷீட் அச்சடிக்கும். கத்தையைப் புரட்டினேன். ஆகஸ்ட் 18-க்குப் பிறகு வந்த எல்லா ஷீட்டிலும் தேதி 2000 ஜனவரி 1. கணக்குப் படிக்கிறவனுக்கு ஒரே தேதியில் நாற்பது வவுச்சர் வந்தால் சந்தேகம் வரவேண்டும் இல்லையா? கம்ப்யூட்டர் தினமும் தன் தேதியை மறந்துகொண்டிருந்தது. தேதியை மறக்கிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி, சிஆர் 2032, தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இது பலருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் பேட்டரி தீர்ந்தால் தேதி தப்பாகும், வேகம் ஏன் குறையவேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் யாரும் இல்லாத நேரத்தில், செல்போன் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்தேன். சுவிட்ச் போட்டதிலிருந்து விண்டோஸ் திரை வரும் வரை 14 நிமிடம் 20 விநாடி. ஆனால் மொத்த நேரம் ஒன்றும் சொல்லாது. எந்த இடத்தில் நேரம் போகிறது என்று பார்க்கவேண்டும். பேங்க் ரீகன்சிலியேஷன் செய்யும்போது முதலில் செய்வது இதுதானே? எந்தத் தேதி வரை இரண்டு புத்தகமும் ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று தேடுவோம்.

பிரிந்த இடம் ஆரம்பத்திலேயே இருந்தது. சுவிட்ச் போட்டவுடன் கறுப்புத் திரையில் ராம் எண்ணிக்கை ஓடும். அதுவே ஊர்ந்துகொண்டிருந்தது. ஆபரேட்டர் அண்ணன் சொன்ன "எண்ணிக்கிட்டு" இதுதான். அந்த நேரத்தில் ஹார்டு டிஸ்க் தன் வேலையை ஆரம்பிக்கவே இல்லை. விண்டோஸ் இன்னும் பிறக்கவே இல்லை. வைரஸ் என்று சொல்லவும் வழியில்லை. அவர்கள் யாரும் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே திருட்டு நடந்துவிட்டது என்றால் அவர்கள் திருடர்கள் இல்லை. சர்வீஸ்காரர் சொன்ன ஹார்டு டிஸ்க் அங்கேயே விடுதலை. மீதி இருப்பது ப்ராசசர், ராம், பயாஸ் மூன்றும்தான்.

டெலிட் கீயை அழுத்தி பயாஸ் செட்டப்புக்குள் போனேன். மெனுவில் கீழே இறங்கவே தயங்கியது. இரண்டாவது பக்கத்தில் இருந்தது விடை. "சிபியு இன்டர்னல் கேஷ்: டிஸேபிள்டு." அடுத்த வரி, "எக்ஸ்டர்னல் கேஷ்: டிஸேபிள்டு."

இனி கேஷ் என்றால் என்ன என்று பார்ப்போம். முதல் முறை இந்த வார்த்தையைக் கேட்டபோது நான் ரொக்கம் என்றே நினைத்தேன். காதுக்கு ஒன்றுதான், எழுத்தும் அர்த்தமும் வேறு. கம்ப்யூட்டர் கேஷ், ஒளித்து வைப்பது என்று பொருள்படும் பிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்தது. ஆனால் யோசித்தால் ரொக்கம் என்று புரிந்துகொள்வதிலும் தப்பில்லை. ஒரு கம்பெனியின் பணமெல்லாம் பேங்கில் இருக்கிறது. டீ வாங்க, ஆட்டோவுக்குக் கொடுக்க, ஒவ்வொரு தடவையும் பேங்குக்குப் போய் வரிசையில் நிற்க முடியுமா? அதனால்தான் மேஜை டிராயரில் கொஞ்சம் சில்லறை ரொக்கம் வைத்திருக்கிறோம். பெட்டி கேஷ். தீர்ந்தால் பேங்கிலிருந்து நிரப்பிக்கொள்வோம்.

ராம் என்பது பேங்க். கேஷ் என்பது மேஜை டிராயர். அந்த பென்டியம் 3 ஒரு விநாடிக்கு 60 கோடி முறை துடிக்கும். டிராயரில் இருப்பதை எடுக்க அதற்கு மூன்று துடிப்பு போதும். பேங்குக்குப் போனால் பல பத்துத் துடிப்புகள் சும்மா காத்திருக்கவேண்டும். டிராயரைப் பூட்டிவிட்டால் தரவுக்கு மட்டுமல்ல, அடுத்து என்ன செய்யவேண்டும் என்ற ஒவ்வொரு கட்டளைக்கும் பேங்குக்கு ஓடவேண்டும். ப்ராசசரின் வேகம் குறையவில்லை. அதன் நேரமெல்லாம் வரிசையில் நிற்பதிலேயே போகிறது.

இந்த யோசனை புதிதல்ல. கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் 1965-ல் இதை "அடிமை நினைவகம்" என்ற பெயரில் எழுதினார். 1968-ல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 360 மாடல் 85 இதை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தது. இன்டெல் 1989-ல் 486 ப்ராசசருக்குள்ளேயே 8 கிலோபைட் கேஷை வைத்தது. டிராயர் இல்லாமல் விற்றுப் பார்த்த கதையும் உண்டு. 1998 ஏப்ரலில் இன்டெல் மலிவு விலை செலரானை இரண்டாம் நிலை கேஷ் இல்லாமலே இறக்கியது. இத்தனைக்கும் உள்ளே இருந்த முதல் நிலைச் சின்ன டிராயரைத் தொடவில்லை. அப்படியும் மந்தம் என்று வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் 128 கிலோபைட் சேர்த்து வேறு செலரான் கொண்டுவந்தார்கள்; அது நன்றாக ஓடியது. எங்கள் மாமா பட்டறையில் சின்ன டிராயர், பெரிய டிராயர் இரண்டுமே பூட்டிக் கிடந்தன.

யார் பூட்டியது? யாரும் இல்லை. இதுதான் இதில் வேடிக்கை. பயாஸ் செட்டிங் எல்லாம் ஒரு சின்ன நினைவகத்தில் இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது அதைக் காப்பது அந்த பேட்டரி. பகலில் கம்ப்யூட்டரை அணைத்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை பேட்டரிக்கு வேலை குறைவு. ஆனால் பட்டறையில் ராத்திரி மெயினையே அணைத்துவிடுவார்கள். பல வருஷம் ராத்திரியெல்லாம் தனியாகக் காவல் காத்த பேட்டரி, அந்த மூன்று நாள் லீவில் கண்ணை மூடிவிட்டது. திங்கட்கிழமை காலையில் பயாஸ் தன் நோட்டைப் பார்த்தால் எல்லாம் குப்பை. "கூட்டுத்தொகை தப்பு, எஃப்-1 அழுத்தவும்" என்று கேட்டது. ஆபரேட்டர் அண்ணன் அழுத்தினார், வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். உடனே பயாஸ் தன்னிடம் உள்ள பாதுகாப்பான மதிப்புகளை எடுத்துக்கொண்டது.

பாதுகாப்பானது என்றால் என்ன? எந்தக் கோளாறு இருந்தாலும் எப்படியாவது மெஷின் எழுந்து நிற்கவேண்டும் என்பது. பழைய போர்டுகளில் கேஷ் தனிச் சிப்பாக இருந்தது, அது கெட்டுப்போவதும் உண்டு. அதனால் சில போர்டுகளின் பாதுகாப்புப் பட்டியலில் கேஷை அணைத்தே வைத்திருப்பார்கள். நடுத்தெருவில் நிற்பதைவிட நொண்டி நொண்டியாவது வீடு போய்ச் சேரலாம் என்ற கணக்கு. தப்பான கணக்கு இல்லை. ஆனால் "நான் நொண்டிக்கொண்டிருக்கிறேன்" என்று அது யாரிடமும் சொல்லவில்லை.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. அதனால் ஒவ்வொன்றாக மாற்றினேன். இன்டர்னல் கேஷ் மட்டும் எனேபிள் செய்தபோது 3 நிமிடம் 40 விநாடி. எக்ஸ்டர்னலையும் சேர்த்தபோது 1 நிமிடம் 35 விநாடி. சந்தேகம் தீர இரண்டையும் திரும்ப அணைத்துப் பார்த்தேன். மறுபடியும் 14 நிமிடம். நோய் இதுதான். பிறகு இரண்டையும் போட்டு, 40 ரூபாய்க்குப் புது பேட்டரி வாங்கி மாட்டி, தேதியைச் சரிசெய்து, மெயினை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் போட்டேன். எல்லாம் ஞாபகம் வைத்திருந்தது. பேட்டரியை மாற்றாமல் செட்டிங்கை மட்டும் மாற்றியிருந்தால் மறுநாள் காலையில் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

ஒரு கேள்வி மிச்சம். இவ்வளவு மந்தமான கம்ப்யூட்டர் பகல் முழுவதும் மெஷினுக்கு ஒழுங்காக எப்படி ஊட்டியது? சீரியல் கேபிளின் வேகம் 9600 பாட். விநாடிக்கு ஏறக்குறைய 960 எழுத்துதான். வரிசையில் நின்று நின்று வருகிற ப்ராசசருக்கும் அது தாராளமாகப் போதும். அதனால்தான் பகலில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காலையில் மட்டும் கஷ்டம், அதைப் பார்த்த ஒரே சாட்சி ஆபரேட்டர். அவர் பேச்சோ எடுபடவில்லை.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். காஸ்ட் அக்கவுண்ட்ஸில் வெட்டி நேரத்தை இரண்டாகப் பிரிப்பார்கள். கருவி மாற்றுவது, கேட்டிலிருந்து மெஷினுக்கு நடப்பது எல்லாம் இயல்பானது. அது பொருளின் அடக்க விலையில் சேரும். மெஷின் பழுது, கரண்ட் கட் எல்லாம் இயல்பு மீறியது. அது காஸ்டிங் லாப நட்டக் கணக்குக்குப் போகும். இரண்டிலுமே அது தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கவேண்டியது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு தாளில் கணக்குப் போட்டு மாமாவிடம் காட்டினேன். லீவு போக 22 நாள், நாளுக்கு 12 நிமிடம் 45 விநாடி. மெஷின் இழந்தது மொத்தம் நாலு மணி நாற்பது நிமிடம். அவர் சொல்லும் மெஷின் மணி விகிதம் 400 ரூபாய் என்றால் சுமார் 1,870 ரூபாய் நஷ்டம். ஆனால் அரை மணி விதிப்படி ஆபரேட்டரிடம் பிடித்ததும் பிடிக்க இருந்ததும் சேர்த்து பதினொரு மணி நேரச் சம்பளம். நஷ்டம் நாலே முக்கால் மணி நேரம்கூட இல்லை, தண்டனை பதினொரு மணி நேரம். காரணம் 40 ரூபாய் பேட்டரி.

மாமா தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, ஆகஸ்ட்ல பிடிச்சதையும் சேர்த்துப் போட்டுடு" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் அந்த வாரம் அரை மணி விதியை எடுத்துவிட்டார். அண்ணன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, மறு வாரம் பட்டரவாக்கம் கடையிலிருந்து எனக்கும் சேர்த்து ஒரு மசால் வடை வந்தது. :-)

பிறகு இதைப் பற்றிப் படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. நம் வீட்டு இன்டெல் வகை ப்ராசசர் ஒவ்வொன்றும், சுவிட்ச் போட்ட கணத்தில், கேஷ் அணைந்த நிலையில்தான் பிறக்கிறது. அதைத் திறந்துவிடுவது பயாஸின் வேலை. நினைவகத்தின் எந்தப் பகுதியை டிராயரில் வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று ஒரு பட்டியல் போடுவதும் அதன் வேலைதான். 1995-ல் வந்த பென்டியம் ப்ரோவிலிருந்து இந்தப் பட்டியல் உண்டு. அதைத் தப்பாகப் போட்டால் கூத்துதான். 2000-களின் பிற்பகுதியில் 4 ஜிபி ராம் போட்ட சில கம்ப்யூட்டர்களில், நினைவகத்தின் உச்சிப் பகுதி பட்டியலில் விடுபட்டுப் போனது. ராம் அதிகமாகப் போட்டால் கம்ப்யூட்டர் மந்தமாகும் அதிசயத்தைப் பலர் பார்த்தார்கள். 2008-ல் லினக்ஸ் கர்னலிலேயே இதைக் கவனித்து, பட்டியலில் இல்லாத ராமை ஒதுக்கிவைத்து எச்சரிக்கும் நிரல் சேர்க்கப்பட்டது. கொஞ்சம் ராம் போனாலும் பரவாயில்லை, வேகம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

இந்த மாதிரித் தவறுகள் வெளியே தெரியாததற்கு ஒரு காரணம், பயாஸ் பெரும்பாலும் மூடின பெட்டி. அதைத் திறக்கப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிக் 1999-ல் லினக்ஸ்பயாஸ் என்று ஒன்றைத் தொடங்கினார். 2008-ல் அதன் பெயர் கோர்பூட் ஆனது. இன்று பல குரோம்புக்குகளில் இருக்கிறது. அதில் ஒரு தந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ராம் தயாராவதற்கு முன்னால் பயாஸுக்கு எழுதிப் பார்க்க இடம் இருக்காது. அந்த நேரத்தில் கேஷையே தற்காலிக ராமாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பேங்க் திறப்பதற்கு முன் டிராயரில் இருக்கும் சில்லறையை வைத்தே காலை வியாபாரத்தை ஓட்டுவது மாதிரி.

நம்ம ஊரிலும் திறந்த பெட்டி உண்டு. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் காமகோடியின் குழு செய்த சக்தி ப்ராசசர். 2018-ல் அதன் ஒரு சிப் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் தயாராகி லினக்ஸை ஓட்டியது. இன்னொன்று சண்டிகரில் தயாரானது. அதன் வடிவமைப்பு எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. கேஷ் எவ்வளவு வேண்டும் என்பதை சிப் செய்கிறவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அம்பத்தூரிலிருந்து ஒரு பஸ், ஒரு ரயில் தூரத்தில் இது நடக்கிறது என்பது எனக்கே இந்த விஷயத்துக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

உங்கள் கடையிலோ பட்டறையிலோ பழைய கம்ப்யூட்டர் ஒன்று திடீரென்று மந்தமானால், புதுசு வாங்குவதற்கு முன் மூன்றே மூன்று பாருங்கள். தேதி சரியாக இருக்கிறதா? ராம் எண்ணிக்கையே ஊர்கிறதா, அல்லது விண்டோஸ் வந்தபிறகுதான் ஊர்கிறதா? பயாஸில் கேஷ் என்று வரும் வரிகள் எனேபிளில் இருக்கின்றனவா? இப்போதைய கம்ப்யூட்டர்களில் அந்த வரியைப் பெரும்பாலும் வெளியே காட்டுவதே இல்லை. பழைய டப்பா வைத்திருப்பவர்களுக்குத்தான் இது உதவும்.

மாமாவின் கம்ப்யூட்டருக்குள் இப்போது ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். பயாஸ் மதிப்புகள் அத்தனையும், பேட்டரி மாற்றிய தேதியும் அதில் எழுதியிருக்கிறது. அடுத்த பேட்டரி தீரும்போது நான் வேறு ஊரில் வேலையில் இருக்கலாம். அட்டையைப் படித்து மாற்ற ஆபரேட்டர் அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு தடவை செய்து காட்டிவிட்டார்.